பேய்ப்படத் தலைப்புக் காட்சி: பயத்தை முன்கூட்டியே செலவழித்துவிடாதீர்கள்

தலைப்பு ஓடி முடிவதற்குள் பேய் வந்துவிடுவதுதான் இங்கே சிங்கப்பூரில் எடுக்கப்படும் பேய்க் குறும்படங்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு. வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, ஒரு வீறிடல், பிறகு இரத்தம் சொட்டும் எழுத்தில் படத்தின் பெயர். அதற்கப்புறம் பத்து நிமிடம் பார்க்கிறவர் எதை நினைத்துப் பதற வேண்டும்?

ஏதோ வரப்போகிறது என்று தெரிய வேண்டும். எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியக்கூடாது. பதற்றம் பிறப்பது அங்கேதான். பெயர்கள் ஓடுகிறவரை கதை நகராது என்பது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம் என்பதால், இந்தக் காத்திருப்பை உண்டாக்கத் தலைப்புக் காட்சி தோதான இடம். ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் கறுப்புத் திரையில் ஒரு பூசணிக்காய் விளக்கு, பக்கத்தில் பெயர்கள், மெல்ல நெருங்கும் கேமரா, அவ்வளவுதான். ஜான் கார்பென்டரின் பியானோ இசை ஐந்தெண்ணிக்கையில், நம் தாளக்கணக்கில் சொன்னால் கண்டத்தில், ஓடுகிறது. நாலில் முடியும் என்று காது காத்திருக்கும், முடியாது.

இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் சறுக்குவது நகர்வில். எடிட்டிங் மென்பொருளில் ‘ஈஸ்’ என்ற, நகர்வின் வேகத்தைத் தானாக மெல்லக் குறைக்கும் வசதியைப் போட்டுவிடுகிறார்கள். கேமரா கடைசியில் வேகம் குறைந்து நின்றுவிடும். பார்க்கிறவரும் மூச்சு விட்டுவிடுவார். ஒரே சீரான வேகத்தில் நகர்த்தி, நகர்வு முடியும் முன்பே வெட்டுங்கள். 40 விநாடிக்கு 100 சதவீதத்திலிருந்து 115 சதவீதம் வரை பெரிதாக்கினால் போதும். அதற்கு மேல் போவதென்றால் 4கே-யில் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் மங்கும். 12 நிமிடப் படத்துக்கு 2 நிமிடத் தலைப்பெல்லாம் வேண்டாம். 30 முதல் 45 விநாடி தாராளம்.

அடுத்து ஒலி. தோ பாயோவில் ஓநாய் ஊளையிடாது. இலவச ஒலித்தொகுப்பில் கிடைத்தது என்பதற்காக ஊளையையும் தேவாலய மணியையும் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் மேல் ஒட்டினால் சிரிப்புத்தான் வரும். நள்ளிரவில் மேல்மாடியில் கோலி உருளும் சத்தம் இந்த ஊரில் எல்லாரும் கேட்டுப் பழகிய மர்மம். மின்தூக்கிக் கதவு ஆளில்லாத மாடியில் திறக்கும் சத்தம், விடியலுக்கு முன் விடாமல் கூவும் குயில், இவையெல்லாம் கைப்பேசியிலேயே பதிவு செய்யக்கூடியவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 9-ஆவது விநாடியில், பிறகு 17-இல், பிறகு 31-இல் என ஒழுங்கில்லாத இடைவெளியில் வையுங்கள். சரியாக எட்டு விநாடிக்கு ஒருமுறை வந்தால் மூன்றாவது தடவையே காது கணக்குப் பண்ணிவிடும்.

காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்த 19 ஹெர்ட்ஸ் ஒலி போட்டால் தானாகப் பயம் வரும் என்றொரு நம்பிக்கை சுற்றுகிறது. கைப்பேசி ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றுமே கேட்காது. 19-ஐப் பற்றிப் பேச்சே வேண்டாம். அடிநாத உறுமல் வேண்டுமானால் அதன்மேல் 300 முதல் 500 ஹெர்ட்ஸில் ஓர் உராய்வையும் சேருங்கள். உறுமலைப் படத்தின் ஆகப் பெரிய அலறலைவிடக் குறைந்தது 10 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். யூடியூப் மொத்த வீடியோவின் சராசரிச் சத்தத்தைப் பார்த்துத்தான் ஒலியைக் குறைக்கிறது. தலைப்பில் போட்ட இரைச்சலுக்கான தண்டனை எட்டாவது நிமிட அலறல் மேல் விழும். மௌனத்தையும் முழுப் பூச்சியமாக விட்டுவிடக்கூடாது. ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று பார்க்கப் போய்விடுவார்கள். யாருமில்லாத அறையின் ஒலியை 30 விநாடி பதிவு செய்து அடியில் ஓடவிடுங்கள்.

காரிடார் விளக்கு மினுக்குவது போல எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 பிரேமில் 1/48 விநாடி ஷட்டர் வைத்தால் பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்இடி-களும் திரையில் அலையலையாகத் துடிக்கும். 1/50 வைத்துச் சுத்தமாக எடுங்கள், மினுக்கலை எடிட்டிங்கில் சேருங்கள். அதுவும் ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒளி பளிச்சிட்டால் வலிப்பு வரக்கூடியவர்களும் பார்ப்பார்கள்.

இனி எழுத்து. ஆங்கிலத் தலைப்புக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போடும்போதுதான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. படத்தின் பெயர் ‘கொலுசு’ என்று வைத்துக்கொள்வோம். தட்டச்சு விளைவில் முதலில் ‘க’ வரும். அடுத்த நொடி அதன் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் முளைத்து ‘கொ’ ஆகும். எழுத்து துள்ளியது போலிருக்கும், பயம் போய்விடும். எழுத்திடைவெளியை அகலப்படுத்தினால் சில மென்பொருளில் கொம்பு தனியாக, கால் தனியாகப் போய் நிற்கும். பெயரை முதலில் வடிவமாக மாற்றி, கொம்பையும் காலையும் அதன் மெய்யோடு கையால் ஒரே தொகுதியாகக் கட்டிவிட்டு அசைவு கொடுங்கள். ‘ஏலியன்’ (1979) தலைப்பு துண்டுக் கோடுகளாகத் தோன்றி மெல்ல எழுத்தாகிறது. தமிழிலும் அதைச் செய்யலாம், ஆனால் ‘ட’, ‘ப’ போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் உள்ள பெயருக்குத்தான் அழகாக வரும். ‘ஔ’வைத் துண்டு போட்டால் ஜிலேபி.

கறுப்பில் மெல்லிய சிவப்பு எழுத்தும் வேண்டாம். இணைய வீடியோ நிறத்தைப் பிரகாசத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால் சிவப்பின் ஓரம் கசியும், புள்ளிகள் கரையும். சற்றே மங்கிய வெள்ளை பாதுகாப்பு. சிவப்புத்தான் வேண்டுமென்றால் தடித்த எழுத்து. ஒரு பெயருக்கு 2 முதல் 3 விநாடி. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்தால் 4.

சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் புளோக்கின் கீழ் வைத்திருக்கும் படையலை எடுத்துத் தலைப்பில் செருகுவது பலருக்கும் தோன்றும் யோசனை. அது இன்னொருவர் தன் முன்னோருக்கோ அலையும் ஆவிகளுக்கோ வைத்தது. மரியாதைக் குறைவு ஒருபுறம் இருக்க, ஆண்டுதோறும் அதைக் கடந்து வேலைக்குப் போகிற ஊர்க்காரருக்கு அதில் திகிலே இல்லை.

முடித்ததும் மூன்று முறை பாருங்கள். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில், பிரகாசத்தைப் பாதியாக வைத்து: பெயர்கள் படிக்க வருகிறதா? வீட்டுத் தொலைக்காட்சியில்: இருட்டுப் பகுதிகளில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் லேசாக கிரெயின் (பொடிமணல் போன்ற புள்ளிகள்) சேருங்கள். கடைசியாகப் படமே பார்க்காமல் ஒலியை மட்டும்: 20-ஆவது விநாடியில் சலிப்புத் தட்டினால் வெட்ட வேண்டியது அங்கேதான்.