போஸ்ட்டாக் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எச்டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு, போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிறகு சில ஆண்டுகள் செய்யும் ஆய்வு வேலை) தேடிப் பலரும் செய்யும் முதல் காரியம், ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவது. பதிலே வராது. "நம் சி.வி. சரியில்லை போல" என்று மனம் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் குறை சி.வி.யில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது.

"உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, இடம் இருந்தால் தெரிவிக்கவும்" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால்தான் அது யார் மனதிலும் நிற்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "மருந்து கொடுத்த பிறகும் சில செல்களில் காசநோய்க் கிருமி தங்கிவிடுவதை உங்கள் கட்டுரையில் காட்டியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட செல்களைத் தனியே பிரித்து, அவற்றின் ஆர்என்ஏவை ஆராயும் வேலையை என் பி.எச்டி.யில் மூன்று ஆண்டு செய்திருக்கிறேன்." இரண்டே வரிதான். அவருடைய கேள்வி எது, உங்கள் கைவசம் என்ன இருக்கிறது, இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இதை எழுத அவருடைய இரண்டு மூன்று கட்டுரைகளையாவது முழுசாகப் படிக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும், போகட்டும். நூறு பொதுக் கடிதங்களைவிட இப்படிப் பத்துக் கடிதங்கள் மேல்.

அடுத்தது காலக் கணக்கு. திறமை இருந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான், அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்குத் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பை (ஆய்வு உதவித்தொகையை) எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஒரு நாட்டில் வசித்தவர், வேலை பார்த்தவர், அதே நாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. "முதலில் அங்கே ஒரு வேலையில் சேர்வோம், ஃபெல்லோஷிப்பை அப்புறம் பார்ப்போம்" என்று ஒன்றரை வருடம் கழித்தவருக்குக் கதவு மூடியிருக்கும். அமெரிக்காவில் என்ஐஎச் (அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு), போஸ்ட்டாக் ஆய்வாளர்கள் சொந்தமாக ஆய்வு நடத்தும் நிலைக்கு உயர உதவுவதற்காகத் தரும் கே99 நிதிக்குக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஐந்தாம் ஆண்டில்தான் அதைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள் உண்டு. இந்த விதிகள் மாறக்கூடியவை, அதனால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே படித்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள், கூடவே சி.வி.யையும் திட்டச் சுருக்கத்தையும் அனுப்புங்கள். வேலை தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்டால் அது மோசடி, பதில்கூடப் போட வேண்டாம்.

ஆய்வகத்தின் பெயரைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. அங்கே இருந்து கிளம்பிப் போன இரண்டு பேரிடமாவது பேசுங்கள். இப்போது இருப்பவர்கள் மனம் விட்டுச் சொல்லத் தயங்குவார்கள், போனவர்கள் சொல்வார்கள். மருத்துவத் துறை என்றால், நோயாளிகளின் தரவைத் தொட நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். அது கைக்கு வரவே சில மாதங்கள் ஆகலாம், இரண்டு வருட வேலையில் அது பெரிய இழப்பு.

நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இல்லை" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். இந்த வேலைக்கான நிதி இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, கிளம்பும்போது என் ஆய்வில் எந்தப் பகுதியை நான் எடுத்துப் போகலாம் என்ற இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது சுலபம்.