அப்பாவின் கடன்களை அவிழ்த்த கதை

டிக்கோயாவில் இருக்கும் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால், அவர் சார்பில் நான் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை ஹட்டனில் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதிப் பதிவும் செய்தோம். பேங்க் கார்டைக் கேட்டபோதுதான் அப்பா தலையைக் குனிந்தார். கார்டு ஒரு வட்டிக்காரரிடம் இருந்தது, மாதாமாதம் நான் அனுப்பிய காசை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடனாம்.

பதிவு செய்த பத்திரத்தைக் காட்டி முதலில் பேங்கில் அந்தக் கார்டை நிறுத்தினேன். அப்புறம் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்தேன். அதில் பேங்க், லீசிங் கடன்கள் தெரியும், வட்டிக்காரரிடம் வாங்கியதும் கடைக் கொப்பியில் எழுதிய கடனும் தெரியாது, அதனால் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒவ்வொரு துண்டையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிக் கேட்டேன். அடகுச் சீட்டு இரண்டு கிடைத்தன, ஏலத்துக்குப் போகுமுன் அம்மாவின் தோட்டைத்தான் முதலில் மீட்டேன்.

யாருக்கும் அவசரப்பட்டுக் காசு கொடுக்காதீர்கள். இலங்கைச் சட்டப்படி, எழுதி வாங்கிய கடனுக்கு வழக்குப் போட 6 வருடம், கடைக் கணக்குக்கு 1 வருடம்தான், ஆனால் நடுவில் ஒரு பகுதியைக் கட்டினால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். எதிலும் "அப்பாவின் சார்பில்" என்று எழுதியே கையெழுத்து வைத்தேன், இல்லாவிட்டால் கடன் நம் தலையில் விழும். வட்டிக்காரரிடம் சட்டத்தரணியோடு போய், இதுவரை எடுத்ததைக் கழித்து மீதிக்கு ரசீது வாங்கினோம்.

கடை முதலாளிக்கு மட்டும் காலம் கடந்த கணக்கையும் முழுசாகக் கொடுத்தேன். வேலைநிறுத்த நாட்களில் எங்களுக்கு மாவு கொடுத்தவர் அவர்.