எரிந்த அணு எரிபொருளும் எச்பிஎல்சியும்: சறுக்கும் இடங்கள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகளுக்கு அவ்வப்போது எச்பிஎல்சி சொல்லித் தருகிறேன். கரைசலை அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே ஓட்டி, அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக வெவ்வேறு நேரத்தில் வெளிவர வைத்துப் பிரிக்கும் முறை அது. காசிமேடு, எண்ணூர் பிள்ளைகள். பலருக்குக் கல்பாக்கத்தில் வேலை பார்க்க ஆசை. நிஜ எரிபொருளை எங்கள் கல்லூரியில் தொட வழியில்லை, தொடவும் கூடாது. கதிரியக்கம் இல்லாத லாந்தனைடு (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான தனிமங்கள்) உப்புகளைக் கலந்து, எரிபொருளைக் கரைத்தால் கிடைப்பது போல ஒரு கரைசலை நானே தயாரித்துக் கொடுப்பேன். வடிகட்டாமல் ஊசி போடுவது, குமிழி விடுவது எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். போன முறை ஒரு பெண் சார்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பீக்கின், அதாவது கோட்டில் எழும் முகட்டின், மேல் பென்சிலால் ‘டிஸ்ப்ரோசியம்’ என்று எழுதியிருந்தாள். “எப்படிம்மா கண்டுபிடிச்ச?” “ஸ்டாண்டர்டுல அந்த நேரத்துலதான் மேடம் வந்துச்சு.” ஸ்டாண்டர்டு என்றால் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்த கரைசல். நான் கலந்த கரைசலில் டிஸ்ப்ரோசியமே கிடையாது. அது இட்ரியம்.

ஆல்ஃபா ஹைட்ராக்சி ஐசோபியூட்ரிக் அமிலத்தை ஓடவிட்டால் கனமான லுட்டீசியம் முதலிலும் லாந்தனம் கடைசியிலும் வரும். இட்ரியம் லாந்தனைடு வரிசையில் சேராதது. ஆனாலும் டிஸ்ப்ரோசியத்தை ஒட்டியே வந்து நிற்கும். எது என்று ஊகிக்க உலையை நினைத்துப் பார்த்தால் போதும். யுரேனியம் பிளக்கும்போது துண்டுகள் இரண்டு மேடுகளாக விழுகின்றன: ஒன்று நிறை எண் 95ஐச் சுற்றி, இன்னொன்று 140ஐச் சுற்றி. 89ஆம் எண் இட்ரியம் முதல் மேட்டில் தாராளமாக உண்டு. டிஸ்ப்ரோசியம் 160க்கு மேல். அங்கே விளைச்சல் அற்பம்.

போதாக்குறைக்கு அந்த நேரமே நிலையானது அல்ல. அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலம் அயனியாகப் பிரிந்து நிற்கும் பிஎச்) கிட்டத்தட்ட 4. நாம் ஓட்டுவதும் அதன் பக்கத்தில்தான். பிஎச் கொஞ்சம் ஏறினாலே எல்லா பீக்கும் முன்னால் நகரும். மே மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றாலும் நகரும். பெரம்பூரில் 29சி வரும் நேரத்துக்கு வந்த பஸ்ஸில் போர்டைப் பார்க்காமல் ஏறுவோமா?

ஸ்டாண்டர்டைச் சாம்பிளில் சிறிது கலந்து, அதே பீக் பக்கத்தில் தோள் போலப் புடைக்காமல் வளர்கிறதா என்று பாருங்கள். இட்ரியம், டிஸ்ப்ரோசியம் போன்ற ஒட்டுப் பிறவிகளுக்கு அதுவும் போதாது. அந்த பீக் வரும்போது விழும் துளிகளைத் தனியே பிடித்து, நிறை எண்ணை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட வேண்டும். கல்லூரியில் தப்பாகப் போனால் ஒரு மதியம் போகும். நிஜ வேலையில் கதிரியக்கப் பொருளைக் கையாளும் மூடிய அறையான ஹாட் செல்லிலிருந்து திரும்பச் சாம்பிள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் கதிரியக்கக் கழிவைக் கூட்டும். பெயர் மாறிய பீக் லாந்தனமோ நியோடிமியமோ என்றால், அதை வைத்துப் போடும் பர்ன்-அப், அதாவது எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்ற கணக்கே கோணல்.

கோடு பீக்கே இல்லாமல் நேராகப் போனால்

அர்செனாசோ என்ற சாயத்தைச் சேர்க்கும் பம்பைப் பாருங்கள். அந்தச் சாயம் சேராமல் லாந்தனைடு டிடெக்டருக்குத் தெரியாது.

ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் ஒரே சிரிஞ்ச்

வேண்டாம். கடையில் வாங்கிய நியோடிமியம் ஒட்டிக்கொண்டு வந்து பர்ன்-அப்பைக் கூட்டிக் காட்டும். நல்லவேளை, இதைப் பிடிக்க வழி இருக்கிறது. இயற்கை நியோடிமியத்தில் சுமார் 27% நியோடிமியம்-142. அணுப்பிளவில் நிறை எண் 142 கொண்ட தொடர் சீரியம்-142இலேயே நின்றுவிடுகிறது. பிரசியோடிமியம் நியூட்ரானை விழுங்குவதால் கொஞ்சம் உண்டாகும், அவ்வளவுதான். ஆக 142 நிறையத் தெரிந்தால் அது உலையில் பிறந்ததல்ல, சிரிஞ்சில் வந்தது.

பிரிக்காமலே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவது

நிறை எண் 148இல் நியோடிமியத்தோடு சமாரியம் உட்காரும், 241இல் புளூட்டோனியத்தோடு அமெரிசியம். நிறை எண் ஒன்றே என்பதால் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அவற்றை முதலில் பிரிக்கத்தானே எச்பிஎல்சி?