நைலான் வலையை வெயில் தின்னாமல் இருக்க

பருத்தி வலைக் காலத்தில் கரைக்கு வந்ததும் வலையை மணலில் விரித்துக் காயப்போட்டே ஆகவேண்டும். ஈரம் நின்றால் நூல் மட்கிவிடும். நைலான் மட்காது, அதன் எதிரி வெயில். ஆனாலும் பழைய பழக்கத்தில் நைலான் வலையையும் பகல் முழுக்க வெயிலில் கிடத்துகிறோம். நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை.

புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. கண்ணுக்கு வலை நன்றாகவே தெரியும். பாரம் ஏறும்போதுதான் முடிச்சருகே படக்கென்று விட்டுப்போகும்.

இதைத் தாமதப்படுத்தத்தான் ரசாயனச் சேர்மானங்கள். வாங்கிய வலையை ஏதாவது கரைசலில் முக்கி எடுத்தால் அதே பலன் வரும் என்று நம்பவேண்டாம். மேலே பூசியது உப்புத்தண்ணீரிலும் உரசலிலும் கழன்றுவிடும். வலை நூலுக்குப் பயன்படும் நைலான் 6 என்ற வகை சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும். அதை உருக்கி நூலாக இழுக்கும்போதே சேர்மானம் உள்ளே கலந்திருக்கவேண்டும். ஆகவே நூலுக்குள் சேர்மானம் கலந்திருக்கிறதா என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்கவேண்டும்.

என்ன சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். கதிரை உறிஞ்சிக்கொள்ளும் வகைகளுக்குத் தடிமனான பொருள் வேண்டும். 0.2 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பில் (ஒற்றை இழை நைலானில்) கதிர் உறிஞ்சப்படும் முன்பே பெரும்பகுதி உள்ளே போய்விடும். ஹால்ஸ் எனப்படும் அமீன் வகை வேறு மாதிரி வேலை செய்கிறது: சங்கிலியை அறுக்கும் துடிப்பான துணுக்குகளைப் பிடித்து அடக்குகிறது, அப்புறம் தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி பிடிக்கிறது. மெல்லிய நூலுக்கு இதுதான் பொருத்தம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. நூலுக்குள் கலந்த கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் நல்ல காவல், ஆனால் வெறும் கறுப்புச் சாயம் அந்த அளவுக்குக் காக்காது. மினுமினுப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள், துகள்களுக்கு மேல்பூச்சு இல்லாத வகையாக இருந்தால், வெயிலில் நைலானை இன்னும் வேகமாகக் கெடுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு வலை கழுவுவதையும் விட்டுவிடுங்கள். குளோரினும் அமிலமும் நைலானுக்கு ஆகாது.

சேர்மானம் உள்ள வலைக்கும் நிழல் வேண்டும். அந்தச் சரக்கும் நாளடைவில் தீர்ந்துபோகும். கொட்டகை இல்லையென்றால் தடித்த தார்ப்பாய் போதும், சரி, பழைய சாக்கானாலும் பரவாயில்லை.

சந்தேகமாக இருந்தால் குவியலின் மேற்புறத்திலிருந்து ஒரு நூல், அடியிலிருந்து ஒரு நூல் எடுத்து, இரண்டையும் நனைத்து, முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். மேல்நூல் முந்தி அறுந்தால், அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் அந்தப் பகுதியை வெட்டி மாற்றிவிடுங்கள்.