நம் வட்டாரத்தில் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் சங்கம் தொடங்குவது எப்படி?

ஒயரிங் செய்தவர் ஒருவர், அதைச் சோதித்ததாகக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். எர்த் சரியில்லாமல் யாருக்காவது ஷாக் அடித்தால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான். இதை டீக்கடையில் பேசிப் பேசித்தான் எங்கள் ஊரில் சங்கம் வைத்தோம். முதல் சங்கம் ஒரே வருடத்தில் கலைந்துபோனது. இரண்டாம் முறை நின்றது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 1: ஏழு பேர், ஒரு பிரச்சினை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆள் சேர்ந்ததுமே 'யார் தலைவர்?' என்று ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம், இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனதுதான் மிச்சம். ஏழு பேரையும் பாதிக்கிற ஒரு பிரச்சினையை முதலில் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு அது, இன்னொருவர் செய்த வேலைக்குக் கையெழுத்தைக் கடன் கொடுக்கிற இந்தப் பழக்கம்.

படி 2: யார் உறுப்பினர்?

லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில், மின் அமைப்பு வேலை செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அதனால் விதிப் புத்தகத்தில் 'மின் உரிம வாரியத்தின் நடப்பு லைசென்ஸ் உள்ளவர்' என்றே எழுதுங்கள். 'நடப்பு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், புதுப்பிக்காதவர்களால்தான் பின்னால் தகராறு வரும். ஒயர்மேன், சூப்பர்வைசர் சான்று உள்ளவர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்க்கலாம். நாளைய காண்ட்ராக்டர்கள் அவர்கள்தானே.

படி 3: விதிகள்

சந்தா, பதவிக்காலம், கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும், இவையெல்லாம் வழக்கமானவை. பணத்துக்கு மட்டும் இப்படி ஒரு வரி தெளிவாக இருக்கட்டும்: “வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பொருளாளருடன் தலைவரோ செயலாளரோ கையெழுத்திட வேண்டும்.” எங்கள் முதல் சங்கத்தில் இந்த வரி இல்லை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ஒரு பாயிண்டுக்கு (ஒரு லைட், ஃபேன் அல்லது பிளக் இணைப்புக்கு) இவ்வளவுக்குக் கீழே யாரும் வேலை எடுக்கக் கூடாது' என்று தீர்மானம் போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதைப் போட்டிச் சட்டம், 2002 தடை செய்கிறது. டெண்டரில் 'இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்' என்று பேசிவைப்பதும் அதில்தான் வரும். சங்கம் என்ற பெயர் இருப்பதால் விலக்கு எதுவும் கிடையாது. மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றுக்கு இந்தியப் போட்டி ஆணையம் அபராதமே போட்டிருக்கிறது.

சரி, குறைந்த ரேட்டில் வேலையைத் தட்டிப் போகிறவரை என்ன செய்வது? விலையை விட்டுவிட்டு வேலையைப் பேசுங்கள். எர்த் ரீடிங் எடுத்தார்களா, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா, ஒயரின் அளவு லோடுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் அடித்து, கொட்டேஷனோடு வைத்துக் கொடுங்கள். எதை வெட்டி ரேட்டைக் குறைத்தார்கள் என்று வீட்டுக்காரருக்கே புரியும்.

படி 4: பதிவு

சங்கத்தின் நோக்கங்களும் துணை விதிகளும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். ஏற்கெனவே பதிவான பெயரின் சாயல் உங்கள் பெயரில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று பெயர்களை யோசித்து வையுங்கள். பதிவோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். எத்தனையோ சங்கங்கள் பெயர்ப்பலகையோடு நின்றுபோவது இந்த வேலையை விட்டதால்தான்.

அப்புறம் பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஒரு தீர்மான நோட்டு. ஒன்றும் கஷ்டமில்லை.

படி 5: முதல் வேலை

இ.பி. ஆபீஸில் மனு கொடுக்கும்போது லெட்டர்பேடில், தேதி போட்டு, எந்தத் தீர்மானத்தின்படி என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதல் சந்தாப் பணத்தில் நாங்கள் விழா எடுக்கவில்லை, எர்த் ரீடிங் எடுக்கும் கருவியான எர்த் டெஸ்டர் ஒன்று வாங்கினோம். தனியாக வாங்க எங்களில் பாதிப்பேருக்கு வசதியில்லை. அது செயலாளர் கடையில் இருக்கிறது. எடுக்கிறவர் பக்கத்தில் தொங்கும் நோட்டில் பெயர், சைட், தேதி எழுதிவிட்டு எடுக்க வேண்டும். திருப்பி வைக்கும்போது ரீடிங்கையும் எழுத வேண்டும்.