மின்னஞ்சலில் வரும் பேட்ச், விம்முக்குள்ளிருந்தே

மார்த்தாண்டத்தில் ரப்பர் பால் வாங்கும் கடைகளுக்காக ஒரு கணக்கு நிரல் எழுதிவருகிறோம். குளச்சலில் இருக்கும் நண்பர் திருத்தங்களை கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பேட்சாக, அதாவது எந்தெந்த வரி மாறியது என்று காட்டும் உரையாக, மின்னஞ்சலில் அனுப்புவார். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழையில் இணையம் அறுந்தாலும், அது எட்டிப்பார்க்கும்போது அஞ்சலை இறக்கிக்கொண்டால் போதும்.

ஆனால் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பேட்ச் பொருந்தவே இல்லை. விம் என்ற உரைத்திருத்தியில், மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் 'செட் லிஸ்ட்' கட்டளை கொடுத்ததும் குட்டு வெளிப்பட்டது: டேப் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்று இடைவெளிகள், நீண்ட வரிகள் பாதியில் உடைந்திருந்தன. அழகுபடுத்துகிறேன் என்று அஞ்சல் பக்கம் செய்த வேலை!

இப்போது அஞ்சலின் மூல வடிவத்தைத் தலைப்பு வரிகளோடு கோப்பாகச் சேமித்து, நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்தே விம்மில் திறக்கிறேன். நிதானமாகப் படித்துவிட்டு, முக்காற்புள்ளி, டபிள்யூ, இடைவெளி, ஆச்சரியக்குறி, அடுத்து அஞ்சலில் வந்த பேட்சைப் பொருத்தும் 'கிட் ஏஎம்' கட்டளை. அஞ்சல் முழுவதும் அப்படியே கிட்டுக்குப் போகிறது. நண்பரின் பெயர், தேதி, விளக்கம் எல்லாம் கமிட்டில், அதாவது கிட் வைத்திருக்கும் மாற்றப் பதிவில், ஏறிவிடுகின்றன. அந்த இடைவெளியை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் அது வலுக்கட்டாயமாகச் சேமிக்கும் கட்டளையாகிவிடும்.

நம் பக்கம் நிரல் மாறியிருந்தால் 'மைனஸ் 3' சேர்த்து, இரு பக்க மாற்றங்களையும் பொதுவான பழைய வடிவத்தோடு ஒப்பிட்டுச் சேர்க்கும் மூவழி இணைப்பை முயலலாம். அதுவும் முட்டினால் 'கிட் ஏஎம் மைனஸ் மைனஸ் அபார்ட்' பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.