மதுரையில சின்னக் கடை வச்சிருக்கீங்களா, சொந்தமா ஒரு வெப்சைட் போடுறது இப்படித்தான்

சுங்குடிச் சேலையோ முறுக்கோ பித்தளைப் பாத்திரமோ டைலர் கடையோ எதா வேணா இருக்கட்டும், வெப்சைட் போடணும்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல பாக்க வேண்டியது டிசைன் இல்லண்ணே, டொமைன் பேர, அதாவது கடை பேர் டாட் காம்ங்கிற மாதிரி இண்டர்நெட் அட்ரஸ, உங்க பேர்ல வாங்குறதுதான். மதுரைல நான் பாத்த கடைக்காரங்க நெறைய பேருக்கு சைட் செத்துப் போனதே இதனாலதான். யாரோ தெரிஞ்ச தம்பி பண்ணிக் குடுத்திருப்பாப்ல, டொமைன் அவரு மெயில் ஐடில கெடக்கும், அவரு வேலை கெடச்சு சென்னைக்கோ துபாய்க்கோ போயிருப்பாரு, வருஷா வருஷம் பணம் கட்டி புதுப்பிக்கச் சொல்ற ரினியூவல் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போகும், கடை முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் பில்லுல இருக்க அட்ரஸ கஸ்டமர் அடிச்சுப் பாத்தா ஏதோ சூதாட்ட விளம்பரம் வருது. தம்பி மேல தப்பு சொல்ல முடியாது, ஆனா போன பேரு போனதுதான். டொமைன்ங்கிறது வாடகை அக்ரிமெண்ட் மாதிரி, யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் பாத்தியதை.

அதனால கடைக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் ஆரம்பிங்க, ரெக்கவரி நம்பரா முதலாளி நம்பரையே குடுங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிருங்க, பாஸ்வேர்ட கடைக் கணக்கு நோட்டு எங்க பூட்டி வைப்பீங்களோ அங்க எழுதி வைங்க. டொமைன், ஹோஸ்டிங் (சைட் ஃபைல இண்டர்நெட்ல ஏத்தி வைக்கிற எடம்), கூகுள் மேப்ஸ் எல்லாமே இந்த ஒரு மெயில்லதான் இருக்கணும். பண்ணிக் குடுக்குறவங்களுக்கு வேணும்னா உள்ள போக பெர்மிஷன் மட்டும் குடுங்க, லாகின கைய விட்டுக் குடுக்காதீங்க.

டொமைன் பேரு சின்னதா இருக்கணும், போன்ல ஒரு தடவ சொன்னா எதிர்ல இருக்கவங்க தப்பில்லாம எழுதணும், நடுவுல ஹைஃபன் போட்டா சொல்லும்போதே சிக்கல் வரும், அதனால வேணாம். டாட் இன், டாட் காம் எதுன்னாலும் சரிதான். டாட் இந்தியான்னு தமிழ் எழுத்துலயே முடியுற டொமைனும் இருக்கு, ஆசையா இருந்தா கூடுதலா ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, ஆனா மெயினா இங்கிலீஷ் எழுத்துல ஒண்ணு கண்டிப்பா வேணும். செலவு பெரும்பாலும் வருஷத்துக்கு 500 ரூபாய்லருந்து 1500க்குள்ள, ஜிஎஸ்டி தனி. மொத வருஷம் 99 ரூபாய்னு காட்டுவாங்க, அதப் பாத்து ஏமாறாம ரெண்டாவது வருஷ ரினியூவல் ரேட்டப் பாத்துட்டு வாங்குங்க, கூடவே ஹோஸ்டிங், மெயில், சைட் பில்டர்னு பணம் கட்டுற பக்கத்துல தானா டிக் ஆகியிருக்கும், எல்லாத்தையும் எடுத்து விட்ருங்க. ஆட்டோ ரினியூ போட்டுட்டோம்னு தைரியமா இருக்க முடியாது, 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஆட்டோ டெபிட் விதிய மாத்துனதுலருந்து நம்ம ஊர் கார்டுல, அதுலயும் வெளிநாட்டு கம்பெனிக்குன்னா, பணம் எடுக்காம ஃபெயில் ஆகிறது உண்டு. போன் காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே அலாரம் வச்சுக்கங்க. டொமைன் வாங்குன கையோட வெப்சைட் பண்ணித் தர்றோம்னு யார் யாரோ போன் அடிப்பாங்க, உங்க டொமைன் முடியப் போகுது இந்த லிங்க்ல பணம் கட்டுங்கன்னு மெயிலும் வரும், நீங்க வாங்குன கம்பெனி சைட்டுக்குள்ள நீங்களே போய் லாகின் பண்ணிப் பாக்காம எங்கயும் பணம் கட்டாதீங்க.

அடுத்து சைட்ல என்ன போடுறது. சின்னக் கடைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். கடை பேரு, என்ன விக்கிறீங்க, எந்தத் தெரு எந்த லேண்ட்மார்க், எத்தன மணிக்கு தொறப்பீங்க, போன், வாட்ஸ்அப், மேப், பத்துப் பதினஞ்சு போட்டோ, அம்புட்டுதான். சைட்லயே ஆர்டர் எடுக்குற ஷாப்பிங் கார்ட், பணம் வாங்குற பேமெண்ட் கேட்வே எல்லாம் இப்ப வேணாம், ஆர்டர வாட்ஸ்அப்ல வாங்கி பணத்த யூபிஐல வாங்கிக்கிட்டா போதும், வியாபாரம் கூடுனப்பறம் பாத்துக்கலாம்.

போட்டோலதான் நேரத்த செலவு பண்ணணும். சுங்குடிச் சேலைக் கடைன்னு வைங்க, கடைக்குள்ள டியூப் லைட்டுக்கு கீழ எடுத்தா அரக்குச் செவப்பு ஆரஞ்சாத் தெரியும், மாம்பழ மஞ்ச வெளிறிப் போயிரும், கஸ்டமர் பார்சல பிரிச்சுப் பாத்துட்டு கலர் வேறன்னு திருப்பி அனுப்புவாங்க. காலைல மொட்டை மாடில, வெயில் நேரா விழாத நெழல்ல ஒரு கொடியக் கட்டி தொங்க விட்டு எடுங்க. ஒரு சேலைக்கு மூணு போட்டோ, முழு சேலை ஒண்ணு, முந்தியும் பார்டரும் சேந்த மாதிரி ஒண்ணு, புள்ளியக் கிட்டத்துல ஒண்ணு. அந்தக் கிட்டப் படம் ரொம்ப முக்கியம், கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துன புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஓரம் லேசா பிசிறும், ஸ்க்ரீன் பிரிண்ட்ல எல்லாப் புள்ளியும் ஒரே அச்சா இருக்கும், வாங்குறவங்க அதத்தான் உத்துப் பாப்பாங்க. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கெடச்சிருச்சு, அதனால எது கைமுடிச்சு எது பிரிண்டுன்னு படத்துக்குக் கீழயே நேர்மையா எழுதிருங்க, ரெண்டுக்கும் வாங்குற ஆள் இருக்காங்க.

படத்த போன்லருந்து கம்ப்யூட்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா போட்டோவா அனுப்புனா தரத்தக் கொறச்சிரும். அப்புறம் நீளப் பக்கம் 1200 பிக்ஸல், 200 கேபிக்குள்ள வர்ற மாதிரி வெப்பி இல்லன்னா ஜேபெக் ஃபார்மட்ல சுருக்கிருங்க, ஸ்க்வூஷ்னு பிரவுசர்லயே ஓடுற ஃப்ரீ டூல் இருக்கு. 5 எம்பி படத்த அப்படியே பத்து ஏத்துனா பஸ்ல உக்காந்து பாக்குறவங்களுக்கு பக்கம் தொறக்குறதுக்குள்ள எறங்க வேண்டிய ஸ்டாப் வந்துரும்.

பக்கத்த நீங்களே வெப் பக்கம் எழுதுற ஹெச்டிஎம்எல் மொழில எழுதலாம், இல்ல ஒரு ஃப்ரீ டெம்ப்ளேட் எடுத்து எழுத்தையும் படத்தையும் மாத்திக்கலாம், காலேஜ் படிக்கிற புள்ளைக வீட்ல இருந்தா ஒரு சாயங்காலத்துல முடிச்சிருவாங்க. ஆனா மூணு எடத்துல கண்டிப்பா மாட்டுவீங்க. ஒண்ணு தமிழ் எழுத்து: நோட்டீஸ் அடிச்ச பிரஸ்லருந்து மேட்டர வாங்கி ஒட்டுனீங்கன்னா அது பெரும்பாலும் பாமினிங்கிற பழைய ஃபாண்ட்ல இருக்கும், சைட்ல இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா கன்னாபின்னான்னு வரும், எல்லா போன்லயும் தெரியுற யூனிகோடு எழுத்துக்கு மாத்தித்தான் போடணும், அதுக்கு ஃப்ரீ கன்வெர்ட்டர் ஏகப்பட்டது இருக்கு. மாத்துனப்பறம் ஒரு தடவ முழுசாப் படிச்சுப் பாருங்க, கொம்பும் புள்ளியும் எடம் மாறியிருக்கும். ஃபைலோட தலைல கேரக்டர் செட் யூடிஎஃப் 8ன்னு போட்டிருக்கணும், தமிழ் ஃபாண்ட் தனியா ஏத்த வேணாம், இப்ப வர்ற போன்ல எல்லாம் இருக்கு. ரெண்டாவது வியூபோர்ட் மெட்டா டேக், போன் அகலத்துக்கு பக்கத்தப் பொருத்தச் சொல்ற ஒரு வரி, அது இல்லன்னா போன் பிரவுசர் உங்க பக்கத்த 980 பிக்ஸல் அகலம்னு நெனச்சு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். மூணாவதுதான் எல்லாரையும் தலையப் பிச்சுக்க வைக்கும், வீட்டு கம்ப்யூட்டர்ல படம் நல்லாத் தெரியும், ஏத்துனப்பறம் தெரியாது, ஏன்னா விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, சர்வர் பாக்கும். கேமரா ஜேபிஜின்னு கேப்பிட்டல்ல சேவ் பண்ணியிருக்கும், நீங்க சின்ன எழுத்துல எழுதியிருப்பீங்க. எல்லா ஃபைல் பேரையும் ஸ்பேஸ் இல்லாம சின்ன எழுத்துல மாத்திருங்க.

ஹோஸ்டிங்குக்கு மாசாமாசம் காசு குடுக்க வேண்டியதில்ல. ஒரு பக்க சைட்டுக்கு சர்வர்ல ஓடுற வேலையே கெடையாது, ஃபைல அப்படியே எடுத்துக் குடுத்தாப் போதும். இப்படி ஃபைல ஏத்தி வைக்க கிட்ஹப் பேஜஸ் ஃப்ரீதான், ஆனா அத வியாபாரம் நடத்த ஃப்ரீ ஹோஸ்டிங்கா வச்சுக்கக் கூடாதுன்னு அவங்க விதிலயே இருக்கு, வெர்செல்லோட ஃப்ரீ பிளானும் சொந்த உபயோகத்துக்குத்தான். கடைக்கு நான் சொல்றது கிளவுட்ஃப்ளேர் பேஜஸ். கடை மெயில்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சு, பேஜஸ் போயி, ஃபோல்டர இழுத்துப் போட்டா முடிஞ்சுது, ஒரு ஃபைல் 25 எம்பிக்குள்ள இருக்கணும். மெயின் பக்கத்தோட பேரு இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல்னு இருக்கணும், அது ஃபோல்டருக்குள்ள இன்னொரு ஃபோல்டர்ல ஒளிஞ்சிருந்தா பக்கம் காணோம்னுதான் வரும். ஏத்துன ஒடனே பேஜஸ் டாட் டெவ்னு முடியுற ஒரு அட்ரஸ் குடுப்பாங்க, அதுல போன்ல தொறந்து எல்லாம் சரியான்னு பாத்துக்கங்க.

அப்புறம் டொமைன இணைக்கணும். டொமைன கிளவுட்ஃப்ளேர்ல சேத்தா ரெண்டு நேம் சர்வர் (டொமைன அடிச்சா எந்த எடத்துக்குப் போகணும்னு சொல்ற சர்வர்) பேர் தருவாங்க, டொமைன் வாங்குன எடத்துல பழைய நேம் சர்வர எடுத்துட்டு இந்த ரெண்டையும் போடுங்க. சில சமயம் கொஞ்ச நேரத்துல வேலை செய்யும், சில சமயம் ஒரு நாள் ஆகும், அதுக்குள்ள பதறிப்போய் திரும்பத் திரும்ப மாத்தாதீங்க. ஆக்டிவ் ஆனதும் பேஜஸ் பக்கத்துல கஸ்டம் டொமைன்ல உங்க பேரையும், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டதையும் சேத்துருங்க. ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்பு தானா ஃப்ரீயா வந்துரும், அதுக்கு எஸ்எஸ்எல்னு சொல்லி தனியா காசு கேட்டா குடுக்காதீங்க.

வாட்ஸ்அப் பட்டனுக்கு டபிள்யூஏ டாட் மீ, ஸ்லாஷ், 91, அதுக்கடுத்து உங்க பத்து நம்பர், பிளஸ்ஸோ சைபரோ ஸ்பேஸோ எதுவும் கூடாது. போடுற நம்பர் கடை நம்பரா இருக்கட்டும், ராத்திரி பத்தரைக்கும் வெலை கேட்டு மெசேஜ் வரும்.

கூகுள் மேப்ஸ்ல கடை விவரத்தக் காட்டுற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல விட்றாதீங்க, நெறைய பேர் சைட்டுக்கு அந்த வழியாத்தான் வருவாங்க, அதுவும் ஃப்ரீதான். வெரிஃபிகேஷனுக்கு வீடியோ கேட்டா தெருவுல ஆரம்பிச்சு போர்டக் காட்டி, ஷட்டரத் தொறந்து உள்ள வந்து கல்லா வரைக்கும் ஒரே எடுப்புல எடுங்க. சைட்ல இருக்க பேரு, அட்ரஸ், போன் மூணும் அங்கயும் எழுத்து மாறாம அப்படியே இருக்கணும். மேப்ல பின்ன இழுத்து சரியா உங்க வாசல்ல வைங்க, விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துகள்ல ரெண்டு கடை தள்ளி வச்சாலே ஆளு வேற சந்துல நிப்பாங்க. நேரமும் அப்பப்ப மாத்தணும், சித்திரைத் தேர் அன்னைக்கு மாசி வீதில வண்டி விட மாட்டாங்க, அந்தப் பக்கம் கடை இருந்தா அன்னைக்கு உண்டா இல்லையான்னு ஸ்பெஷல் ஹவர்ஸ்ல ஒரு வாரம் முன்னாடியே போட்டுட்டு, வண்டிய எங்க நிறுத்திட்டு நடந்து வரலாம்னு சைட்லயும் ஒரு வரி சேத்து ஃபோல்டர திரும்ப ஏத்திருங்க.